சம்பந்தியின் இரண்டு நிமிடம்

பிளெய்ன்ஸ்பரோ, நியூ ஜெர்சி
செவ்வாய்க்கிழமை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பேராசிரியர் செல்வமணி ஐயா அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் மூத்த மகள் ரெபெக்காவின் மாமனார் மரிய அந்தோணி பணிவன்புடன் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், என் இரத்த அழுத்தத்தைத் தவிர. டெக்சாஸில் இளைய மகள் வீட்டில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். கோபத்தோடு செய்யும் வேண்டுதல் மேலே போய்ச் சேருமா என்று தெரியவில்லை. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே, வேண்டியாயிற்று. இந்தக் காலத்தில் தபால்தலை ஒட்டி எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் வெறுமனே "வணக்கம்" என்று போட்டாலே, "மாமாவுக்கு என்ன கோபம்?" என்று நாலு பேர் என் மகன் ஜெர்ரியைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். போனில் பேசலாம் என்றால், தங்களோடு போனில் பேசி நான் ஒரு வாக்கியத்தை முடித்ததாகச் சரித்திரம் இல்லை. கடிதத்தில்தான் தாங்கள் குறுக்கே பேச முடியாது.

விஷயத்துக்கு வருகிறேன். நேற்று அந்தக் குழுவில் தாங்கள் ஒரு வீடியோ போட்டிருந்தீர்கள். "ஸ்காட்லாந்து நாட்டு அறிஞர் முன்னிலையில் எனது உரை" என்று தலைப்பு, அதற்குக் கீழே வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள். அந்த வீடியோ முழுக்கத் தாங்கள்தான் இருக்கிறீர்கள். அறிஞரின் இடது முழங்கால் மட்டும் ஓரத்தில் தெரிகிறது. அந்த முழங்காலுக்குச் சொந்தக்காரரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அவர் வருகிற சனிக்கிழமை விமானம் ஏறுகிறார், இனி இந்தப் பக்கம் வரப்போவதில்லை. அதற்குள் தாங்கள் அவருக்கு ஒரு வரி மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டும். சம்பந்தியிடம் இப்படிக் கேட்பது முறையில்லை என்று என் மனைவி ஜெயலீலா சொல்கிறாள். முறை பார்த்துப் பார்த்துத்தான் நான் இந்த நிலைமைக்கு வந்தேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

எம்லின் பிரிச்சர்ட் யார் என்று தங்களுக்குத் தெரியாது. அவரைப் பற்றி அவ்வளவு நேரம் பேசிய பிறகும் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் குடியிருப்பில் பின்வரிசையில் மகளோடு இருக்கிறார். மகளுக்கு மருந்துக் கம்பெனியில் வேலை. நம்மைப் போலவே ஆறு மாத விசாவில் பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த மனிதர். பள்ளிப் பேருந்து நிற்கும் இடத்தில்தான் எங்களுக்குப் பழக்கம். நம் பேத்தி ஷெரின் இறங்கியதும் நான், "சாப்டியாம்மா, டிபன் பாக்ஸை காலி பண்ணியா?" என்று கேட்பேன். "யெஸ் தாத்தா, ஐ டிட்" என்பாள். பக்கத்தில் அவர் தன் பேரனிடம் ஏதோ ஒரு மொழியில் கேட்பார், அவனும் "யெஸ்" என்பான். அது ஆங்கிலம் இல்லை என்று மட்டும் தெரிந்தது. இப்படிப் பல நாள் இரண்டு கிழவர்களும் இரண்டு மொழியில் கேட்டு ஒரே மொழியில் பதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். ஒரு நாள் அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, "உங்களுக்கும் இதே கதைதானா?" என்றார். அன்றிலிருந்து பேருந்து வருவதற்கு வெகு நேரம் முன்னாலேயே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவோம். மழை பெய்தால் ஒரே குடை.

அவர் வேல்ஸ் நாட்டுக்காரர், அங்கே வெல்ஷ் மொழி வானொலியில் நாற்பது வருடம் பேசியவர். நான் வானொலி நிலையத்தில் ஒலிப்பதிவுப் பொறியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் என்பது தங்களுக்குத் தெரியும், ஏனென்றால் தாங்கள் முதல்முதலாக வானொலியில் பேச வந்தபோது பதிவு செய்தவன் நான்தான், அன்றைக்கே அடுத்த நிகழ்ச்சிக்காரர் வெளியே காத்திருந்து காத்திருந்து வீட்டுக்குப் போய்விட்டார். தொழிலில் எம்லின் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். மைக் முன்னால் இருப்பவரிடம் எங்களால் வாயால் பேச முடியாது, கையால்தான். விரலை நீட்டினால் ஆரம்பி. விரலைச் சுற்றினால் சீக்கிரம் முடி. கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தால் நிறுத்து, பாதி வார்த்தையில் இருந்தாலும் நிறுத்து. அவர் ஊரிலும் இதே சைகைதான். முதல் நாள் விளையாட்டாக நான் அவரை நோக்கி விரலை நீட்டியதும் அந்த மனிதர் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, நடுத்தெருவில் அவர் மொழியில் காலைச் செய்தியை ஆரம்பித்துவிட்டார். நாய் கூட்டிக்கொண்டு போன ஓர் அம்மாள் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் வாழ்க்கையைத் தாங்கள் மேடையில் சொல்ல வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை மடித்துத் தாங்கள் விசிறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ஆகவே அதில் என்ன இருந்தது என்பதை இப்போதாவது தெரிந்துகொள்ளுங்கள். பிறந்தது சிலேட்டுக் கல் வெட்டும் மலையூர். அப்பா கல் வெட்டும் தொழிலாளி. பள்ளிக்கூடம் போகும்வரை ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது, முதல் நாள் வெளியே போகணும் என்று கேட்கத் தெரியாமல் வகுப்பிலேயே நடந்துவிட்ட காரியத்தை இந்த வயதிலும் காது சிவந்துதான் சொல்கிறார். வானொலியில் முதல் வேலை ஆட்டுச் சந்தை விலை நிலவரம் வாசிப்பது. விலை இறங்கிய நாளில் துக்கம் விசாரிப்பது போலக் குரலைத் தாழ்த்தி வாசிப்பாராம், அதனாலேயே ஆட்டுக்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகு காலை நிகழ்ச்சி. அது பால் கறக்கும் நேரம். அவர் விடுப்பு எடுத்தால் மாடு ஒழுங்காகக் கறப்பதில்லை என்று நிலையத்துக்குப் புகார் வருமாம். அப்புறம் கால்பந்து வர்ணனைக்கு அனுப்பினார்கள். பாதி ஆட்டத்துக்கு அவர் மொழியில் சொல்லே கிடையாது. பந்து மேலே போனதும் ஒரு சொல்லை உண்டாக்கி, அது கீழே வருவதற்குள் சொல்லியாக வேண்டும். இப்போது அவர் ஊர்ப் பிள்ளைகள் அந்தச் சொற்களைத்தான் மைதானத்தில் கத்துகிறார்கள், யார் உண்டாக்கியது என்றே தெரியாமல். அது அவருக்குப் பெரிய சந்தோஷம்.

இளவட்டமாக இருந்தபோது ஆங்கிலம் மட்டும் எழுதியிருந்த ஊர்ப்பெயர்ப் பலகைகளில் பச்சைப் பெயிண்ட் அடித்துக் கைதானவர். கைது செய்த போலீஸ்காரர் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில், நாளைக்கு ஆட்டு விலை ஏறுமா என்று கேட்டாராம். புத்தகங்கள் ஓர் அலமாரித் தட்டு நிறைய எழுதியிருக்கிறார். சிறுவர் கதைகள், ஒரு நாவல், இறந்துபோன மனைவியைப் பற்றி ஒன்று, எல்லாம் அவர் மொழியில். ஆங்கிலத்தில் எழுதினால் நிறைய விற்கும் என்று ஒரு பதிப்பாளர் சொன்னதற்கு, "எங்க அம்மா தப்புக் கண்டுபிடிக்க முடியாத மொழியில் நான் எப்படி எழுதுவது?" என்று கேட்டிருக்கிறார். இத்தனூண்டு மொழியில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று நானே ஒரு தடவை கேட்டேன். "எங்க ஊரில் எல்லோரும் படிப்பார்கள், தங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்க்க" என்றார். இப்பேர்ப்பட்ட மனிதரைத்தான் தாங்கள் ஸ்காட்லாந்துக்காரர் என்று அறிமுகம் செய்தீர்கள். ஒரு தடவை அல்ல. ஒவ்வொரு தடவையும்.

அவருக்கு இதயத்தில் கோளாறு. இனி விமானப் பயணமே வேண்டாம், ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் அங்கேயே இருந்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு நாள் பெஞ்சில் உட்கார்ந்து, "மைக் முன்னால் நின்று பல வருஷம் ஆயிற்று ஆன்டனி, போவதற்குள் ஒரு தடவை நின்றால் போதும்" என்று என்னைப் பார்க்காமல் சொன்னார். அவர் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் நான் விடுவேனா? தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் கிடைக்காமல் செயலாளர் முகிலன் அலைந்துகொண்டிருந்தான். ஜெர்சி சிட்டியில் வங்கி ஒன்றில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பையன், ரயிலில் இருக்கும்போதுதான் பேச நேரம். "அங்கிள், செம ஐடியா அங்கிள்! ஃபாரினர் சீஃப் கெஸ்ட்னா க்ரவுடு அள்ளும்!" என்றான். இந்த நாட்டில் ஃபாரினர் நாம்தான் என்பது அவனுக்கு மறந்தே போய்விட்டது.

அதற்குப் பிறகு எம்லின் செய்த காரியத்தைக் கேளுங்கள். பிள்ளைகளிடம் பேசுவதென்றால் தமிழில்தான் பேசுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். வசந்த காலம் முழுக்க அந்தப் பெஞ்சில் தமிழ் வகுப்பு. அவர் ஆங்கிலத்தில் சொல்வார், நான் எளிய தமிழில் மாற்றித் தருவேன், அவர் மனப்பாடம் செய்வார். "குழந்தைகளே" என்ற ஒரே வார்த்தைக்கு மட்டும் வாரக்கணக்கில் ஆயிற்று. நாக்கை மடிக்கச் சொன்னால் கழுத்தை மடித்தார். பதிலுக்கு அவர் மொழியில் நாக்கை மேலே ஒட்டிக் காற்றைப் பக்கவாட்டில் விடும் ஓர் எழுத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் சொல்லிக்காட்டியதும் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு நாள் அவர் வாயில் ழகரம் சுத்தமாக விழுந்தது. அன்று இருவரும் எழுந்து நின்று கைகுலுக்கினோம்.

இந்த நேரத்தில்தான், டெக்சாஸ் போகும் வழியில், தாங்கள் இரண்டு வாரம் இங்கே தங்க வந்தீர்கள். வந்தது மகிழ்ச்சி, அதில் குறை இல்லை. அறிமுக உரை நான் செய்வதாக ஏற்பாடு. ஆயுள் முழுக்க அடுத்தவர் குரலைப் பதிவு செய்தவனுக்கு முதல்முதலாக ஒரு மைக் கிடைத்திருந்தது. ஆனால் பட்டிமன்றப் பேச்சாளர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது நான் பேசப்போகிறேன் என்று மொட்டையாகச் சொல்வது மரியாதை இல்லையே என்று, "நீங்க இருக்கும்போது நான் பேசுறதாவது சம்பந்தி? நீங்களே பேசிருங்களேன்" என்றேன். உலகத்தில் எந்தச் சம்பந்தியாக இருந்தாலும் இதற்கு என்ன சொல்வார்? "சேச்சே, நீங்கதான் பேசணும்" என்பார். நான் இன்னொரு தடவை வற்புறுத்துவேன், அவர் இன்னொரு தடவை மறுப்பார், பிறகு நான் "அப்ப உங்க ஆசீர்வாதம்" என்று ஏற்றுக்கொள்வேன். தாங்கள் வாயில் இருந்த இட்லியை விழுங்குவதற்குக்கூடக் காத்திருக்கவில்லை. "அதுக்கென்ன, ரெண்டு நிமிஷம் பேசிருதேன்" என்றீர்கள். மேஜைக்கு அடியில் ஜெயலீலா என் காலை மிதித்தாள். வாயைத் திறக்காதே என்றா, திறந்தது போதும் என்றா என்று இன்றுவரை அவள் சொல்லவில்லை.

சரி, நடந்தது நடந்துவிட்டது, இரண்டு நிமிடம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஒலி மேஜையில் போய் உட்கார்ந்தேன். பேச்சு இல்லாதவனுக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஹாலின் கடைசியில், எல்லோருடைய முதுகையும் பார்த்துக்கொண்டு. விழா நம் வழக்கப்படி தாமதமாகத்தான் ஆரம்பித்தது. முகிலன் நாலு தடவை ஓடிவந்து, "அங்கிள், நைன் ஓ க்ளாக் ஹாலை வெக்கேட் பண்ணணும், இல்லேனா நெக்ஸ்ட் இயர் தர மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். எம்லினை மேடையில் உட்கார வைத்து ஒன்றுக்கு மேல் ஒன்றாக மூன்று பொன்னாடை போர்த்தினார்கள், அந்தப் புழுக்கத்தில். பேச்சு எழுதிய காகிதம் உள்ளே கோட்டுப் பையில். அதை எடுக்க அவர் கை உள்ளே போய், வழி தெரியாமல் திரும்பி வந்ததைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். தாங்கள் அப்போது "ரெண்டே நிமிஷம்தான்" என்று ஆரம்பித்திருந்தீர்கள்.

அந்த இரண்டு நிமிடத்தில் என்னென்ன இருந்தது என்று சொல்லட்டுமா? அவர் மலையில் பிறந்தவர் என்றதும் குறிஞ்சி நிலம் முழுக்க ஏறி இறங்கினீர்கள். சிலேட்டு என்றதும் ஒன்றாம் வகுப்பில் தங்கள் சிலேட்டை உடைத்த சிறுவனின் குலம் கோத்திரம் எல்லாம் வந்தது. பெயர்ப்பலகையில் பெயிண்ட் அடித்தவர் என்று சொல்லவேண்டிய இடத்தில், கல்லூரி நாளில் தாங்கள் தார் வாளியோடு ரயில் நிலையத்துக்குப் போன கதை வந்தது, தார் தங்கள் சட்டையில்தான் அதிகம் பட்டது என்பதுவரை. வானொலி என்றதும் தங்கள் முதல் வானொலிப் பேச்சு. அதை முழுசாகத் திரும்பச் சொன்னீர்கள். அதைப் பதிவு செய்த எனக்கு அதை இரண்டாம் தடவை கேட்கும் பாக்கியம் கிடைத்தது. தங்கள் சபையில் போதகர் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்வார், எங்கள் சாமியார் அடுத்த பூசைக்கு ஆள் வந்துவிடும் என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். நாம் வளர்ந்த விதம் வேறு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் போதகர்கூட நடுவில் எங்காவது ஒரு ஜெபத்துக்குக் கண்ணை மூடுவாரே!

மைக்கை அணைக்கும் பொத்தான் என் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இருந்தது. கடவுள் சாட்சியாக, நான் அதைத் தொடவில்லை. சம்பந்தியின் மைக்கை அணைத்தவன் என்று பேர் வாங்கிக்கொண்டு ரெபெக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? அதனால் தொழில் சொல்லிக்கொடுத்த வழியில் போனேன். எழுந்து நின்று விரலைச் சுற்றினேன். தாங்கள் சிரித்தீர்கள். வேகமாகச் சுற்றினேன். தாங்கள் ஒரு செய்யுள் சொன்னீர்கள். கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தேன். மறுபடி இழுத்தேன். பின்வரிசைப் பெண்மணி ஒருத்தி, "அங்கிள், ஆர் யூ ஓகே?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ஒருவழியாக, ஹால் காவலர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்ற பிறகு, முகிலன் மேடையேறித் தங்கள் காதில் ஏதோ சொல்ல, தாங்கள் எம்லினைப் பேச அழைத்தீர்கள். அப்போதும் தாங்கள் இருக்கைக்குப் போகவில்லை. அவர் பக்கத்திலேயே, கையில் இன்னொரு மைக்கோடு நின்றீர்கள்.

மூன்று பொன்னாடையோடு அவர் எழுந்து வந்தார். மைக்கைப் பார்த்ததும் அவர் முதுகு நிமிர்ந்ததே, அது எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். காகிதம் இல்லை, தேவையும் இல்லை, எல்லாம் மனப்பாடம். தொண்டையைச் செருமி, "வணக்கம்" என்றார். உடனே தாங்கள் தங்கள் மைக்கில், "ஆஹா! என்ன உச்சரிப்பு! என்ன உச்சரிப்பு!" என்று முழங்கினீர்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு கையாலும் மாறி மாறிக் கழுத்தை அறுத்துக் காட்டினேன், போதும் சம்பந்தி போதும் என்று. எம்லின், "அன்பான" என்றார். அத்தோடு நின்றுவிட்டார். வாரக்கணக்கில் உழைத்த அடுத்த வார்த்தை வெளியே வரவே இல்லை. ஹாலின் கடைசிவரை ஒரு பார்வை பார்த்தார், மெல்லத் தலையை ஆட்டினார், கைகூப்பினார், போய் உட்கார்ந்துவிட்டார். தங்கள் ஆஹாகாரத்தில் அந்த மனிதருக்குப் பேச்சே அடைத்துப்போயிற்று, வேறென்ன? "வணக்கம், அன்பான". நாற்பது வருடம் பேசியவரின் கடைசி ஒலிபரப்பு இதுதான். மொத்த ஹாலும் எழுந்து நின்று கைதட்டியது. முகிலன் என்னிடம் ஓடிவந்து, "அங்கிள், உங்க ஃப்ரெண்டு வேற லெவல்! ரெண்டே வார்த்தைல க்ரிஸ்ப்பா முடிச்சிட்டாரு, நம்ம ஆளுங்க கத்துக்கணும்!" என்றான்.

திரும்பி வரும்போது காரில் முன்சீட்டில் இருந்துகொண்டு தாங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "பின்னாடி நின்னுக்கிட்டு கையை ஆட்டி ஆட்டி உற்சாகப்படுத்துனீங்களே சம்பந்தி, அதான் பேச்சு தன்னால வந்துச்சு." ஜெர்ரி கண்ணாடியில் என்னைப் பார்த்து, பேசாதீங்கப்பா என்று கண்ணைக் காட்டினான். ரெபெக்கா மட்டும், "எங்கப்பா மைக்க புடிச்சா அப்டித்தான் மாமா, மனசுல வெச்சுக்காதீங்க" என்றாள். தங்கத்தைப் பெற்றிருக்கிறீர்கள், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மறுநாள் காலை தாங்கள் டெக்சாஸ் போய்விட்டீர்கள். நான்தான் பேருந்து நிறுத்தத்தில் எம்லின் முகத்தில் விழிக்க வேண்டியிருந்தது. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. "அருமையான சாயங்காலம் ஆன்டனி" என்றார். பிறகு, "நேரம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார். வருத்தத்தில் ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எங்கள் பெஞ்சில் பழைய பேச்சு இல்லை. ஆட்டு விலை இறங்கிய நாளில் அவர் செய்தி வாசித்த குரல் எப்படி இருந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

ஆகவே சம்பந்தி, தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன், கையைப் பிடித்து உலுக்கியும் கேட்கிறேன். ஒரு மனிதனின் கடைசி மைக்கைத் தாங்கள் பிடுங்கிவிட்டீர்கள். அதைத் திருப்பித் தர முடியாது. மன்னிப்பு என்ற ஒரு சொல்லை எழுதுங்கள். முன்னுரை வேண்டாம், மேற்கோள் வேண்டாம், தார் வாளி வேண்டவே வேண்டாம். முக்கியமாக, அவர் ஸ்காட்லாந்துக்காரர் இல்லை.

இளைய மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் அன்பும் செபமும். சம்பந்தியம்மாவின் கால்வலிக்கு ஜெயலீலா பூண்டுத் தைலம் காய்ச்சி வைத்திருக்கிறாள், அடுத்த முறை வரும்போது வாங்கிக்கொள்ளவும். அங்கே வெயில் கடுமை என்று கேள்விப்பட்டேன். தங்கள் தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்கு நல்ல ஓய்வு கொடுங்கள்.

இப்படிக்கு,
முறை தவறாத, ஆனால் பொறுமை தவறிய,
மரிய அந்தோணி

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு ஒட்டப்போன நேரத்தில் வாசல் மணி அடித்தது. எம்லின் நின்றுகொண்டிருந்தார். ஜெயலீலா முறுக்கு கொடுத்தனுப்பிய டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். காலி டப்பாவைக் கொடுக்கக்கூடாது என்று அவள் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்து, அவர்கள் ஊர்க் கேக்கைத் தானே சுட்டு நிரப்பியிருந்தார். நான் இந்தக் கடிதத்தைத் தூக்கிக் காட்டி, உங்களுக்காக என் சம்பந்தியையே பகைத்துக்கொண்டேன் என்று விஷயத்தைச் சொன்னேன். மனிதர் திடுக்கிட்டுப்போனார். "செல்வமணியா? அவர் என்ன செய்தார்? என்னைப் பற்றி யாரும் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வார்த்தை புரியவில்லை, அதனாலேயே கூச்சமில்லாமல் கேட்க முடிந்தது. பக்கத்தில் நின்று ஆஹா என்றாரே, எங்கள் ஊர்ச் சிறு தேவாலயத்தில் பெரியவர்கள் அப்படித்தான் பேசுகிறவருக்குத் தெம்பு கொடுப்பார்கள்" என்றார். பிறகு ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் கேக் டப்பாவைக் கீழே வைத்தார். பிறகு தன் இரண்டு கையையும் கழுத்துக்குக் குறுக்கே மாறி மாறி இழுத்துக் காட்டினார். "நீங்கள்தானே நிறுத்தச் சொன்னீர்கள், ஆன்டனி? ஒரு கை போதாதென்று இரண்டு கையாலும் சொன்னீர்கள். நாற்பது வருஷத்தில் ஒரு நாளும் நான் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரை மீறியதில்லை."

ஜெயலீலா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. "கிழிச்சுப் போடுங்க அந்தக் கடுதாசிய" என்றாள். இவ்வளவு எழுதிய பிறகு கிழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மேலே "தாங்கள்" என்று திட்டியிருக்கும் இடங்களிலெல்லாம் தயவுசெய்து "நான்" என்று வாசித்துக்கொள்ளவும். மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டாம், அது என் வேலை. இட்லி விஷயம் மட்டும் தாங்களேதான்.

பிறகு அவரைச் சாப்பாட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காரச் சொன்னேன். நான் இந்தப் பக்கம் நின்று விரலை நீட்டினேன். அவர் நிமிர்ந்தார், தொண்டையைச் செருமினார். "வணக்கம். அன்பான குலந்..." என்று தடுக்கினார். மறுபடி, "குலந்..." என்றார். சோபாவில் ஐபேடோடு கிடந்த ஷெரின் தலையைத் தூக்காமலே, "குழந்தைகளே" என்றாள். எனக்குத் தெரிந்து, "தாத்தா"வைத் தவிர, நாங்கள் யாரும் கெஞ்சாமல் அவள் வாயிலிருந்து தானாக வந்த முதல் தமிழ் வார்த்தை அதுதான். அவர் அவள் பக்கம் திரும்பி, "குழந்தைகளே" என்றார், சுத்தமாக. பிறகு நிற்கவில்லை. "என் பெயர் எம்லின். நான் என் பேரனிடம் என் மொழியில் பேசுகிறேன். அவன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். எனக்குக் கோபம் இல்லை. பதில் வருகிறது என்றால் அவன் கேட்டிருக்கிறான். நான் வானொலிக்காரன். எங்கேயோ ஒருவர் கேட்டால் எனக்குப் போதும்." இன்னும் நிறையச் சொன்னார், எல்லாவற்றையும் சொன்னார். ஷெரின் ஐபேடைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். எனக்கு மூக்கு அரித்தது. கண்ணும் அரித்தது. அவர் முடிக்கும்வரை நான் கையைத் தூக்கவில்லை.